வெற்றி அவருக்கு, பொறுப்பு பிறருக்கு: ஹிண்டன்பர்க் ஏறிய படிகள்

போரில் வென்ற தளபதி நாட்டின் தலைமைக்கு வருவது உலகில் புதிதல்ல. வாஷிங்டன், வெலிங்டன், கிராண்ட், ஐசனோவர் என்று வரிசை நீளும். தோற்ற போரின் தலைமைத் தளபதியை, தோற்று ஏழாண்டுகூட ஆகாத நிலையில், மக்களே வாக்களித்துக் குடியரசுத் தலைவராக்கிய விந்தை ஜெர்மனியில்தான் நடந்தது. பிரான்சில் ஓரளவு இதை ஒத்த முன்கதை ஒன்று உண்டு. 1870-இல் செடானில் தோற்ற மார்ஷல் மக்மஹோன் 1873-இல் குடியரசுத் தலைவரானார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது தேசிய சபை, மக்கள் அல்ல. செடானில் அவரைத் தோற்கடித்த பிரஷ்யப் படையில் 22 வயது இளம் அதிகாரியாக நின்றவர்களில் ஒருவர் பால் வான் ஹிண்டன்பர்க்.

நம்மில் பலருக்கு அந்தப் பெயர் 1937-இல் அமெரிக்காவில் தீப்பற்றி எரிந்த ஆகாயக் கப்பலால்தான் தெரியும். கப்பலுக்குப் பெயர் தந்தவர் 1914 முதல் 1934 வரை, இருபது ஆண்டுகள், ஜெர்மனியின் அரசியலில் அசைக்க முடியாத ஆளாக இருந்தார். கைசரின் பேரரசு போனது, குடியரசு வந்தது, அதுவும் போய் ஹிட்லரின் ஆட்சி வந்தது. மூன்றிலும் அவர் உச்சியில் இருந்தார். இது எப்படி நடந்தது? வரலாற்றாசிரியர்களின் விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அவர் வெறும் மரபொம்மை, பின்னால் நின்றவர்கள் ஆட்டினார்கள் என்றார் 1936-இல் எழுதிய ஆங்கிலேயர் ஜான் வீலர்-பென்னெட். தனக்குப் புரியாத பதவியில் மாட்டிக்கொண்ட பழைய காலத்துச் சிப்பாய் என்பது 1964-இல் ஆந்திரியாஸ் டோர்பாலன் வரைந்த படம். 2007-இல் வுல்ஃப்ராம் பைட்டா எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறு இரண்டையும் மறுத்தது: செய்தது இன்னதென்று தெரிந்தே செய்தவர், தன் புகழைத் தானே வளர்த்துக்கொண்டவர் என்றது அந்நூல். இரண்டாண்டு கழித்து ஆன்னா வான் டெர் கோல்ட்ஸ் கேள்வியையே திருப்பினார். மனிதரை விடுங்கள், அவரைச் சுற்றி எழுந்த கதையை யார் யார் தேவைக்கு எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள் என்றார்.

எந்த விடை பொருந்தும் என்று அறிய, கதையை அதன் முதல் வெற்றியிலிருந்தே பார்க்க வேண்டும்.

ஹிண்டன்பர்க் 1847-இல் போசன் நகரில், இன்றைய போலந்தின் போஸ்னானில், பிறந்தார். தந்தை வழியில் பிரஷ்ய நிலப்பிரபுக் குடும்பம். சிறு வயதிலேயே படைப்பள்ளி, 1866-இல் ஆஸ்திரியாவுடன் போர், பிறகு பிரான்சுடன் போர். 1871-இல் வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டபோது தன் படைப்பிரிவின் பிரதிநிதியாக அங்கே நின்றார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அமைதிக்காலப் பணி. 1911-இல் ஓய்வு பெற்று ஹனோவரில் குடியேறினார். அத்துடன் முடிந்திருந்தால் இன்று அவர் பெயர் படைப்பிரிவுப் பதிவேடுகளில் மட்டுமே இருந்திருக்கும்.

1914 ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் இரண்டு கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழைந்தன. கும்பின்னனில் அடிவாங்கிய 8-ஆம் படையின் தளபதி பிரிட்விட்ஸ் கலங்கிப்போய், விஸ்துலா ஆற்றுக்குப் பின்னே விலகப் போவதாக மேலிடத்துக்குச் சொல்ல, அவரை மாற்ற முடிவாயிற்று. மேலிடம் முதலில் தேடிப்பிடித்தது ஹிண்டன்பர்க்கை அல்ல. பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையில் பெயர் வாங்கியிருந்த எரிக் லூடன்டார்ஃபைத்தான். ஆனால் லூடன்டார்ஃப் பதவியில் இளையவர், பிரபுக் குலத்தவரும் அல்ல. அவர் தலைக்கு மேல் மூத்த பெயர் ஒன்று தேவைப்பட்டது. ஹனோவரில் இருந்த 66 வயது ஓய்வுத் தளபதிக்குத் தந்தி போனது. தயார் என்று பதில் வந்தது. ஆகஸ்ட் 23 அதிகாலை, லூடன்டார்ஃப் வந்த தனி ரயில் ஹனோவரில் நின்று அவரை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனது.

அவர்கள் போய்ச் சேருமுன்பே அங்கிருந்த படைத்தலைமை அதிகாரி மாக்ஸ் ஹோஃப்மான் திட்டத்தின் பெரும்பகுதியை வகுத்துவிட்டிருந்தார். இரண்டு ரஷ்யத் தளபதிகளில் ரெனன்காம்ப்பின் படை மெதுவாக நகர்கிறது. ஆகவே அவர் எதிரே குதிரைப்படையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ரயிலிலும் நடையிலும் தெற்கே கொண்டுபோய் சம்சோனோவின் படையைச் சுற்றி வளைப்பது. ரஷ்யர்கள் தங்கள் கட்டளைகளைச் சங்கேதம் இல்லாமலே கம்பியில்லாத் தந்தியில் அனுப்பினார்கள், ஜெர்மானியர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த சண்டையில் சுமார் 92,000 ரஷ்யர்கள் சிறைப்பட்டனர். சம்சோனோவ் காட்டுக்குள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

இந்த வெற்றி யாருடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. திட்டம் ஹோஃப்மானுடையது, நடத்தியவர் லூடன்டார்ஃப், கட்டளையை மீறியாவது சரியான நேரத்தில் சரியான இடத்தில் அடித்தவர் முதல் படையணியின் தளபதி ஃபிரான்ஸுவா. பிற்காலத்தில் ஹோஃப்மான் போர்க்களத்தைப் பார்க்க வருபவர்களிடம், போருக்கு முன் ஃபீல்ட் மார்ஷல் உறங்கிய இடம் இது, போருக்குப் பின் உறங்கிய இடம் அது, போரின்போது உறங்கிய இடம் அதோ என்று காட்டுவாராம். கேலி சுவையானதுதான். ஆனால் முழு நியாயமல்ல. 26-ஆம் தேதி மாலை ரெனன்காம்ப் நெருங்கிவிட்டார் என்ற வதந்தியில் லூடன்டார்ஃப் நடுங்கித் திட்டத்தையே கைவிடப் பார்த்தபோது, அசையாமல் நின்று அவரை நிலைப்படுத்தியவர் ஹிண்டன்பர்க் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். தானே யோசிக்காத முடிவைக் கலங்காமல் தாங்கி நிற்பதும் தளபதிக்குரிய குணம்தான். அவருடைய உண்மையான ராணுவத் திறமை அதுவரைதான். அதற்கு மேல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து நடந்ததில்தான் வேறொரு திறமை வெளிப்பட்டது. அந்தச் சண்டைக்கு டானன்பர்க் என்று பெயரிட்டார்கள். 1410-இல் டியூட்டானிக் வீரமடத்தாரைப் போலந்து-லித்துவேனியப் படை நசுக்கிய இடம் அருகிலிருந்தது. ஐந்நூறு ஆண்டுப் பழிக்குப் பழி என்ற கதை ஒரே பெயரில் பிறந்துவிட்டது. அந்தப் பெயரைச் சூட்டியது தான்தான் என்று ஹிண்டன்பர்க், லூடன்டார்ஃப், ஹோஃப்மான் மூவருமே சொல்லிக்கொண்டார்கள். மேற்கே மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மன் படை நின்றுபோனது செப்டம்பர் தொடக்கத்தில். பாரிஸ் வெற்றி கிடைக்காத நாட்டுக்குக் கிழக்கின் வெற்றி ஒன்றுதான் கையிலிருந்தது, அதைக் கொண்டாடித் தீர்த்தது. நவம்பரில் அவர் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். 1915-இல் மேல் சிலேசியாவின் சாப்ரே ஊரே ஹிண்டன்பர்க் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் வெற்றித் தூணருகே அவருக்கு 12 மீட்டர் உயர மரச்சிலை எழுந்தது. போர் நிதிக்குப் பணம் கட்டி மக்கள் அதில் ஆணி அடிக்கலாம். இரும்பு ஆணிக்கு 1 மார்க், தங்க ஆணிக்கு 100 மார்க். உயிரோடிருக்கும் மனிதரின் சிலையில் ஆணி அடிப்பது அபசகுனமாக யாருக்கும் படவில்லை போலும்.

இதெல்லாம் தானாக நடந்தது, முதியவர் தம்பாட்டுக்கு இருந்தார் என்பதுதான் பழைய கருத்து. பைட்டாவின் ஆய்வு இங்கேதான் அழுத்தமானது. ஓவியர் ஹ்யூகோ ஃபோகலைத் தன் தலைமையகத்திலேயே வைத்துக்கொண்டு, ஓவியங்களில் சீருடையின் நுணுக்கம் வரை கவனித்தவர் ஹிண்டன்பர்க். தன் உருவம் எப்படிப் பரவுகிறது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை, போர்த்திட்டத்தில் இருந்ததைவிடக் குறைவானதல்ல.

அந்தப் புகழை அரசியல் நாணயமாக மாற்றத் தாமதமாகவில்லை. தலைமைத் தளபதி ஃபால்கன்ஹைனை நீக்காவிட்டால் பதவி விலகுவேன் என்று 1915 தொடக்கத்திலேயே மிரட்டினார். தளபதி அரசரிடம் பேசும் பேச்சல்ல அது. வெர்தூனில் ஃபால்கன்ஹைன் சறுக்கி, ருமேனியாவும் எதிரணியில் சேர்ந்தவுடன், 1916 ஆகஸ்ட் 29-இல் ஹிண்டன்பர்க் படைகளின் தலைமைக்கு வந்தார். லூடன்டார்ஃப் அவருக்கு அடுத்த இடத்தில், ஆனால் பொறுப்பில் சமமாக. மக்கள் நம்பும் முகம் ஒருவருடையது, வேலை செய்யும் மூளை மற்றவருடையது.

அதன்பின் ஈராண்டு ஜெர்மனியை யார் ஆண்டது? வரலாற்றாசிரியர் மார்ட்டின் கிட்சன் இதை ஓசையில்லாச் சர்வாதிகாரம் என்றார். சொல் சற்று மிகை. வரி போடுவதும் சட்டம் இயற்றுவதும் இவர்கள் கையில் இல்லை. இவர்களிடம் இருந்தது மறுக்கும் அதிகாரம். நாங்கள் விலகுகிறோம் என்ற ஒரே மிரட்டலால் எதையும் தடுக்கலாம், யாரையும் வீழ்த்தலாம். 1916 டிசம்பரில் 17 வயது முதல் 60 வரையுள்ள ஆண்களைப் போர்ப்பணிக்கு உட்படுத்தும் சட்டம் இவர்கள் வற்புறுத்தலில் வந்தது. ஆயுத உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்துக்கு ஹிண்டன்பர்க்கின் பெயரே சூட்டப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் நகரத்து மக்கள் உருளைக்கிழங்குகூடக் கிடைக்காமல் மாட்டுத்தீவனக் கிழங்கைத் தின்றார்கள். 1917 ஜனவரியில் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போருக்கு இவர்கள் கட்டாயப்படுத்தினார்கள். ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணியும் என்று கடற்படை வாக்களித்தது. பணியவில்லை. ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. இதை எதிர்த்துத் தயங்கிய சான்சலர் பெத்மான் ஹோல்வெக்கை ஜூலையில் அதே பதவி விலகல் மிரட்டலால் வெளியேற்றினார்கள். 1918 ஜனவரியில் கைசரின் சொந்த அலுவலகத் தலைவர் வாலன்டினியைக்கூட விடவில்லை. அரசருக்கு விசுவாசமான சிப்பாய் என்ற பிம்பம் கொண்டவர், தன் அரசரின் அதிகாரத்தைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தார்.

பழைய கருத்துக்காரர்கள் இங்கே லூடன்டார்ஃபை நோக்கிக் கைகாட்டுவார்கள். எல்லாம் அவர் வேலை என்பார்கள். அன்றாட வேலை அவருடையதுதான். ஆனால் கைசரிடம் போய் விலகுவேன் என்று சொல்ல அந்தப் பெரிய பெயர் தேவைப்பட்டது. பெயரை இரவல் தந்தவருக்கும் பொறுப்பு உண்டு.

தோல்வியின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 1918 மார்ச் 21-இல் தொடங்கிய பெருந்தாக்குதல் கோடைக்குள் ஓய்ந்தது. ஆகஸ்ட் 8-இல் ஆமியன் முனையில் ஜெர்மன் வரிசை உடைந்தது. பல்கேரியா விழுந்துகொண்டிருந்த செப்டம்பர் 29-இல், உடனே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று இந்த இருவருமே கைசரிடம் சொன்னார்கள். கூடவே, நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சியில் சேர்க்கச் சொன்னார்கள். இத்தனைக்கும் காரணமானவர்களே இனி விளைவை அனுபவிக்கட்டும் என்று லூடன்டார்ஃப் தன் அதிகாரிகளிடம் வெளிப்படையாகவே பேசினார். அக்டோபர் 26-இல் லூடன்டார்ஃப் நீக்கப்பட்டார். ஹிண்டன்பர்க்கும் விலகுவதாகச் சொன்னார், இரு என்றார் கைசர், இருந்துவிட்டார். லூடன்டார்ஃபால் அதைக் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 9, ஸ்பா நகரத் தலைமையகம். படை உங்கள் பின்னால் வராது என்று கைசரிடம் சொல்லியாக வேண்டும். ஹிண்டன்பர்க் தொண்டை அடைத்து நின்றார். லூடன்டார்ஃபின் இடத்துக்கு வந்திருந்த குரோனர் சொன்னார். முடியாட்சிக்காரர்கள் அந்தச் சொல்லுக்காக வாழ்நாள் முழுதும் குரோனரைத்தான் வைதார்கள். போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜெர்மன் குழுவின் தலைவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற நாடாளுமன்ற அரசியல்வாதி. நிபந்தனை தளராவிட்டாலும் கையெழுத்திடுங்கள் என்று ஹிண்டன்பர்க்கின் பெயரில்தான் தந்தி போனது. 1921 ஆகஸ்டில் தீவிர வலதுசாரிகள் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். தந்தி கொடுத்தவரை யாரும் தேடவில்லை.

1919 ஜூனில் மீண்டும் அதே காட்சி. வெர்சாய் உடன்படிக்கையை மறுத்தால் படை எதிர்த்து நிற்குமா என்று குடியரசுத் தலைவர் ஏபர்ட் தொலைபேசியில் கேட்டார். விடை இருவருக்கும் தெரியும். ஹிண்டன்பர்க் அறையை விட்டு வெளியேறினார், முடியாது என்று குரோனர் சொன்னார். திரும்பி வந்தவர், பழியை நீர் ஏற்க வேண்டியதாயிற்று என்று குரோனரிடம் ஆறுதல் சொன்னாராம். முடிவெடுக்கும் கணத்தில் அறையில் இல்லாமலிருப்பது ஒரு கலை என்றால், அதில் இவருக்கு இணை கிடையாது.

அந்த நவம்பரில் தோல்வியின் காரணங்களை ஆராய நாடாளுமன்றம் அமைத்த குழு அவரை அழைத்தது. கேட்ட கேள்விகளை ஒதுக்கிவிட்டு, எழுதிக் கொண்டுவந்திருந்ததைப் படித்தார். களத்தில் தோற்காத படையைப் பின்னாலிருந்து குத்திவிட்டார்கள் என்றார். சொன்னது ஓர் ஆங்கிலேயத் தளபதி என்று சாட்சியும் வைத்தார். போர்நிறுத்தத்தைக் கேட்டவரே அது பிறரின் துரோகம் என்று சொன்னார், நாட்டின் பெரும்பகுதி நம்பியது. முதுகில் குத்திய கதையை அவர் உருவாக்கவில்லை, அது ஏற்கெனவே பேச்சில் இருந்தது. அதற்குச் சாட்சி முத்திரை குத்தியவர் அவர். குடியரசின் கட்சிகள் மீது அந்தப் பழி கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

லூடன்டார்ஃபோடு ஒப்பிட்டால் இந்தத் திறமையின் அளவு விளங்கும். உண்மையில் போரை நடத்தியவர் அவர். தோல்விக்குப் பின் 1920-இல் குடியரசைக் கவிழ்க்க முயன்ற கப் கலகத்தில் தலைநீட்டினார், 1923 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லரோடு ஊர்வலம் போனார், வழக்கில் விடுதலையானார். 1925 மார்ச் 29-இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் நின்றபோது கிடைத்தது 1.1 விழுக்காடு. போர்த்தலைமை தானாகவே அரசியல் தலைமை ஆகிவிடாது என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

அந்தச் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் சுற்றில் புதியவர்களும் நிற்கலாம் என்பது விதி. வலதுசாரிகள் ஹனோவரை நோக்கிப் போனார்கள். பழைய கடற்படைத் தலைவர் டிர்பிட்ஸ் நேரில் சென்று சம்மதிக்க வைத்தார். ஏப்ரல் 26-இல் ஹிண்டன்பர்க்குக்குச் சுமார் 1 கோடியே 46 லட்சம் வாக்குகள். குடியரசுக் கட்சிகளின் வேட்பாளர், கத்தோலிக்க மையக் கட்சியின் வில்ஹெல்ம் மார்க்ஸுக்கு 1 கோடியே 37 லட்சம். வித்தியாசம் 9 லட்சம். கம்யூனிஸ்ட் தேல்மான் விலக மறுத்து வாங்கியது 19 லட்சம். பவேரியக் கத்தோலிக்கக் கட்சி கத்தோலிக்கரான மார்க்ஸைக் கைவிட்டு பிரஷ்யப் புராட்டஸ்டன்டுக்கு ஆதரவு தந்தது. புகழ் பெரிதுதான், ஆனால் எதிரிகள் பிளவுபட்டிருந்ததால்தான் அது வென்றது.

முதல் ஐந்தாண்டுகள் பலரும் பயந்ததைப் போல இல்லை. அரசியலமைப்பின் மேல் சத்தியம் செய்தார், மீறவில்லை. 1927-இல் 80-ஆம் பிறந்தநாளுக்குத் தொழிலதிபர்களும் நிலப்பிரபுக்களும் பணம் திரட்டி, குடும்பத்தின் பழைய நோய்டெக் பண்ணையை வாங்கிப் பரிசளித்தார்கள். வாரிசு வரியைத் தவிர்க்கப் பத்திரம் மகன் ஆஸ்கரின் பெயரில் எழுதப்பட்டது.

1930 மார்ச்சில், வேலையில்லாதோர் காப்பீட்டுத் தகராறில் கூட்டணி ஆட்சி உடைந்ததும் காட்சி மாறுகிறது. 48-ஆம் விதி தலைவருக்கு அவசர ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் தந்தது, 25-ஆம் விதி நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் நாடாளுமன்றமே தேவையில்லை. மகன் ஆஸ்கரோடு ஒரே படைப்பிரிவில் பணியாற்றிய தளபதி குர்ட் வான் ஷ்லைஹர் இதற்கு வழிகாட்டினார். பிரூனிங் சான்சலரானார். அவரது ஆணையை நாடாளுமன்றம் தள்ளியதும் அது கலைக்கப்பட்டது. செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107-க்குத் தாவினார்கள்.

1932-இல் ஹிட்லர் எதிர்த்து நின்றபோது ஹிண்டன்பர்க்கைக் காப்பாற்றியவர்கள், 1925-இல் அவரை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சியினரும் கத்தோலிக்கரும்தான். ஏப்ரல் 10-இல் 53 விழுக்காடு பெற்று வென்றார், ஹிட்லருக்கு 36.8. அவரது பழைய கோட்டைகளான கிழக்குப் பிரஷ்யாவிலும் பொமரேனியாவிலும் பலர் ஹிட்லர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். தன்னவர்கள் கைவிட, தான் வெறுத்தவர்களின் வாக்கில் வென்றது அவருக்கு அவமானமாகப் பட்டது. அதற்காகப் பாடுபட்ட பிரூனிங்கை ஐம்பதே நாளில், மே 30-இல் வீட்டுக்கு அனுப்பினார். பிரூனிங்கின் பிழை, கடனில் மூழ்கிய கிழக்குப் பண்ணைகளில் நிலமற்றவர்களைக் குடியேற்ற யோசித்தது. வான் டெர் கோல்ட்ஸ் சொல்லும் கதை இங்கே கைகொடுக்கிறது: குடியரசுக் கட்சிகளே ஹிண்டன்பர்க் புகழை ஹிட்லருக்கு எதிரான கேடயமாகத் தூக்கிப் பிடித்தன. கேடயத்துக்குச் சொந்த விருப்பம் உண்டு என்பதை மறந்தார்கள்.

ஹிட்லரை நியமித்தது தள்ளாமையாலா? 1932 ஆகஸ்ட் 13-இல் ஹிட்லர் முழு ஆட்சி கேட்டபோது முகத்துக்கு நேரே மறுத்தவர் இதே மனிதர். நவம்பரிலும் அது கட்சிச் சர்வாதிகாரமாகிவிடும் என்று மறுத்தார். இரண்டே மாதம் கழித்து 1933 ஜனவரி 30-இல் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். முன்னாள் சான்சலர் பாப்பன், மகன் ஆஸ்கர், அலுவலகச் செயலாளர் மைஸ்னர் ஆகியோர் காதில் ஓதியது உண்மை. பண்ணை மானிய ஊழல் பற்றிய பேச்சு எழுந்ததும் உண்மை. ஆனால் அன்று காலை மற்ற அமைச்சர்களுக்கு முன்பே தனியாக ப்ளோம்பெர்கைப் பாதுகாப்பு அமைச்சராக்கிப் படையைத் தன் ஆளின் கையில் வைக்கப் பார்த்தவர், அமைச்சரவையில் ஹிட்லரோடு இரண்டே நாஜிகள் என்று கணக்குப் போட்டவர், மதிமயங்கியவர் அல்லர். அவர் விரும்பியது நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு வலதுசாரிகள் எல்லாரும் ஒன்றாகும் அரசு, தன் தலைமேல் பழி வராத அரசு. ஹிட்லர் அதைத் தருவதாகச் சொன்னார். அன்றாட ஆணைகளில் கையெழுத்திடும் சுமையும் போய்விடும்.

பைட்டாவின் முடிவை இந்த இடத்தில் ஏற்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னால் நடந்தவையும் அதற்கே சாட்சி. பிப்ரவரி 28 ஆணை அடிப்படை உரிமைகளைப் பறித்தது, கையெழுத்து அவருடையது. 1933 ஏப்ரலில் யூத அரசு ஊழியர்களை நீக்கும் சட்டம் வந்தபோது, போரில் சண்டையிட்ட யூதர்களுக்கு விலக்கு கேட்டு ஹிட்லருக்கு எழுதினார், கிடைத்தது. அதாவது கேட்டால் கிடைக்கும் நிலையில் அவர் இருந்தார். முன்னாள் வீரர்களுக்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஆகஸ்டில் பிரஷ்ய அரசு நோய்டெக் பண்ணையோடு மேலும் நிலம் சேர்த்துக் கொடுத்தது. 1934 ஜூன் 30-இல் ஷ்லைஹரும் மனைவியும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாட்டைக் காத்ததற்காக ஹிட்லருக்கு அவர் பெயரில் நன்றித் தந்தி போனது.

1934 ஆகஸ்ட் 2-இல் 86 வயதில் நோய்டெக்கில் இறந்தார். அன்றே படை முழுவதும் ஹிட்லரின் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தது. அவர் எழுதிவைத்த அரசியல் உயில், தலைவர் அதிகாரமும் ஹிட்லருக்கே என்பதற்கு ஒப்புதல் கேட்ட 19-ஆம் தேதி வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்பு வெளியாகி ஹிட்லருக்குப் பிரசாரமாயிற்று. முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரும் விருப்பத்தைத் தனிக் கடிதத்தில் வைத்திருந்தார். கடிதத்தை ஹிட்லர் வெளியிடவில்லை.

1933 ஏப்ரல் 20-இல், ஹிட்லரின் பிறந்தநாளன்று, அவருக்கும் கூடவே ஹிண்டன்பர்க்குக்கும் பெர்லின் கௌரவக் குடிமகன் பட்டம் தந்தது. ஹிட்லரின் பட்டம் போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே பறிக்கப்பட்டது. ஹிண்டன்பர்க்கின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க பெர்லினுக்கு 2020 வரை ஆயிற்று.